கரிவாயனும் மஞ்சள் விளக்கும்

என் மேசை இழுப்பறையில் முழுநீளத் தாள் ஒன்று இருக்கிறது. தேதி 2011 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. தலைப்பு, ‘வண்டி ஒப்படைப்புக் குறிப்பு’. அதன் கீழே பன்னிரண்டு வரிகள், இரண்டு கையெழுத்துகள். ஒன்று என்னுடையது, மற்றது என் மனைவியின் அண்ணனுடையது.

மச்சான் அன்று மாலை சவூதியின் தம்மாமுக்குக் கிளம்பினார். வாங்கி ஒரு வருடம்கூட நிறையாத காரை என் பொறுப்பில் விட்டார். “ஓடாமக் கெடந்தா கெட்டுப்போவும் மாப்பிள, நீங்க ஓட்டுங்க. ஆனா தந்த மாதிரியே திருப்பித் தரணும்” என்றார். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கியிருப்பார்கள். நான் தாள் எடுத்து எழுத உட்கார்ந்தேன். ஊர் வரலாறு தேடி அலைகிறவன், பல் தேய்த்த நேரத்தைக்கூட டயரியில் குறிக்கிறவன் நான். இடது பின்கதவில் நகக்கீறல் அளவு கோடு ஒன்று, அது ஏழாவது வரி. ஒன்பதாவது வரி இப்படி: ‘எச்சரிக்கை விளக்குகள்: சாவி திருப்பும்போது எல்லாம் எரிகின்றன, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லாம் அணைகின்றன.’ பத்தாவது வரி சிறியது: ‘சத்தம்: இல்லை.’

இந்த ஒன்பதையும் பத்தையும் ஒரே வேலையில் பொய்யாக்கியவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். குமரி மாவட்டத்தில் வண்டியின் வாயை அடைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. வண்டிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் கரிவாயன் ஒருவர்தான். அது பேசத் தொடங்கிய பிறகு நிறுத்துவது எப்படி என்பதை மட்டும் அவர் கற்றுவைத்திருக்கவில்லை.

சுசீந்திரத்தில் பாலம் தாண்டி, சாலைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. வெளியே ‘சைலன்சர் வேலை’ என்று பலகை. ஆள் பெயர் கிடையாது. தேங்காய்ப்பட்டணத்துக்காரர்; ஞானஸ்நானப் பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். கேட்டால், “கரிவாயன்னு கேளுங்க, கொச்சுப் பிள்ளையும் காட்டித் தரும்” என்பார்.

பெயர் வந்த காரணத்தை முதல் பார்வையிலேயே அறியலாம். புகைக்குழாயில் எங்கே ஓட்டை என்று பார்க்க மற்றவர்கள் சோப்பு நுரை பூசுவார்கள். இவர் ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவார். கன்னங்கள் பூரிபோல உப்பும், கண்கள் வெளியே வரும். காற்று எங்கே கசிகிறது என்பது அவர் உதட்டுக்குத் தெரிந்துவிடுமாம். ஊதி முடித்து நிமிர்ந்தால் வாயைச் சுற்றி வட்டமாகக் கரி. கடையிலும் சாலையிலும் டீக்கடையிலும் அந்த வட்டத்தோடுதான் திரிவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது தேய்த்துக் கழுவுவார் என்று கேள்வி. நான் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் அவர் விசைப்படகுகளுக்குச் சைலன்சர் செய்தவர். அவருடைய தத்துவம் அங்கே பிறந்தது.

“கடல்ல எட்டு படகு ஒண்ணாக் கரைக்கு வருது சாரே. பனி மஞ்சுல ஒண்ணும் தெரியாது. கரையில நிக்குத பெண்ணுக்கு எனக்க ஆளு வாறான்னு காதுலதான் தெரியணும். எட்டும் ஒண்ணு போலக் கத்துனா அவ என்ன செய்வா?”

“சரி. கார் கடலில் போகாதே.”

“போவாது. வீட்டுக்கு வருமில்லா?”

இந்தத் தத்துவத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் நீளம். பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தை, தன் மோட்டார் சைக்கிளின் துருப்பிடித்த குழாயை மாற்றக் கொடுத்தார். கரிவாயன் பக்தியோடு வேலை செய்தார். அதன் பிறகு ஃபாதர் ஒரு கிலோமீட்டர் தள்ளி வரும்போதே சாலையோரக் கலுங்குச் சுவரில் உட்கார்ந்து பீடி குடிக்கும் இளைஞர்கள் எழுந்து ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். “ரெண்டு வருசமா ஒருத்தனையும் கையும் களவுமாப் பிடிக்க முடியல்ல” என்று ஃபாதர் வந்து குறைபட்டுக்கொண்டார். “பிடிக்காண்டாம் ஃபாதர், அவனுவ ஜெபம் சொல்லுதானுவ இல்லியா, அது போராதா?” என்றார் கரிவாயன்.

இன்னொன்று ஒரு பள்ளிக்கூட வேன். அதன் குரல் ஊருக்குள் நுழையும் முன்னே மூன்று தெருப் பிள்ளைகளும் பையோடு வாசலில் நிற்பார்கள். ஓட்டுநருக்கு ஹாரன் அடிக்கும் வேலையே இல்லை. ஒருநாள் வேன் பழுதாகி வேறு வேன் சத்தமில்லாமல் வந்தது. ஒரு பிள்ளைகூட வெளியே வரவில்லை. காலியாகப் பள்ளிக்குப் போனது.

இதெல்லாம் தெரிந்தும் நான் அவரிடம் போனேனா என்று கேட்பீர்கள். தெரியாமல் போனேன். கதைகளைப் பிறகுதான் சேகரித்தேன்.

2013 மே 14, செவ்வாய். பின்சீட்டில் என் மனைவியும் அவளுடைய இரண்டு சித்திகளும். மூவருமே குறை சொல்ல முடியாத ஆரோக்கியம் உள்ளவர்கள். வேகத்தடையில் காரின் அடிவயிறு தரையில் உரசியது. பிறகு டிராக்டர் மாதிரி ஒரு உறுமல். இறங்கிக் குனிந்து பார்த்தால் புகைக்குழாய் ஓரிடத்தில் விரிந்து தொங்குகிறது. அருகில் தெரிந்த பலகை ‘சைலன்சர் வேலை’. விதி எப்போதும் கண்ணெதிரில் பலகை வைத்துத்தான் காத்திருக்கும்.

ஒரு சாண் நீளம் வெட்டி ஒட்டினால் போதும் என்று விளக்கிச் சொன்னேன். “சாயங்காலம் வாங்க சாரே” என்றார். போனேன். மறுநாள் சாயங்காலம் என்றார். ஐந்தாம் நாள், சனிக்கிழமை, வண்டி தயார். கிளப்பச் சொல்லிவிட்டு என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். முப்பது அடி தள்ளி வயல்வரப்பில் நிறுத்தினார்.

“கண்ணை மூடுங்க. இனி கேளுங்க.”

கேட்டேன். தொண்டை கட்டிய யானை தூக்கத்தில் முனகுவதுபோல் இருந்தது.

“கொள்ளாமா, நல்லா இருக்கா?”

“ஒரு சாண் ஒட்டத்தானே சொன்னேன்?”

“ஒட்டுனா அது ஒட்டுதான் சாரே. நான் ஒண்ணா மாத்திட்டேன். எஞ்சினடியில இருந்து வால் வரை புதுசு. படகுக்கு அடிச்ச சைலன்சராக்கும், உப்புத்தண்ணியே தின்னாது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நடுவுல ஒரு டப்பா இருந்துது. உள்ள பாத்தா தேன்கூடு போலப் பொடிப்பொடியா ஓட்டை. புகை எப்பிடிப் போவும்? மூக்கடைப்பாக்கும். அறுத்து எடுத்தாச்சு.”

“அது கம்பெனிக்காரன் வைத்தது.”

“கம்பெனிக்காரன் கடல் கண்டிருக்கானா?”

அவரே தொடர்ந்தார். “அதுக்குப் பொறவு வயரோட ஒரு திருகாணி இருந்துது. கெடக்கட்டும் பாவம்னு அத மட்டும் புதுக் குழாயில திரும்ப வச்சிருக்கேன்.”

அன்று வீடு சேர்ந்து செருப்பைக் கழற்றும்போதே தட்டில் தோசை இருந்தது. ஆவி பறந்தது. என் மனைவி, “டிரான்ஸ்பார்மர் முக்கு திரும்புதப்பவே கேட்டுது. கல்லை அடுப்புல வச்சிட்டேன்” என்றாள். டயரியில் ‘தோசை சூடு’ என்று எழுதினேன். எங்கள் பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அப்படி எழுதியது அதுவே முதல்முறை.

மே 21 அன்று காலை, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லா விளக்கும் அணைந்தது. ஒன்று மட்டும் அணையவில்லை. சிறிய எஞ்சின் படம், மஞ்சள் நிறம். கொட்டகைக்கு ஓட்டிப் போனேன்.

“வெளக்கு எரியுதா? நல்லது. பியூஸ் போகல்லன்னு அர்த்தம்.”

“எஞ்சினில் ஏதோ கோளாறு என்றால்தான் அது எரியும்.”

“எஞ்சின் மேல, நான் பாத்தது கீழ. புகை வெளிய போற சாதனம் சாரே. வெளிய போறவன்கிட்ட எஞ்சினுக்கு என்ன விசாரணை?”

அன்று மாலையே நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். மறுநாளும் போனேன். அந்தத் தேன்கூடு நச்சுப்புகையைச் சுத்தம் செய்வது, அதற்கு முன்னும் பின்னும் புகையை முகர்ந்து பார்க்கும் உணர்விகள் உண்டு, அவர் பாவம் பார்த்து வைத்த திருகாணி அதில் ஒன்று என்றெல்லாம் நான்கு பக்கம் குறிப்பெடுத்து, கொட்டகையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் பக்கத்தில் லேசாகக் குறட்டை வந்தது.

கடைசியில் எழுந்து, பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்து மாட்டினார். விளக்கு அணைந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது, கைகொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் தக்கலையில் மறுபடி எரிந்தது. மறுபடி கழற்றினார். இந்தமுறை மார்த்தாண்டத்தில் எரிந்தது. மூன்றாவது முறை குழித்துறைப் பாலத்தின்மேல். நான் பட்டியலைக் காட்டிக் கத்தினேன். அவர் அதை வாங்கி வெகுநேரம் ரசித்துப் பார்த்தார்.

“பாத்தியளா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா நீளுது. இப்பிடியே போனா அடுத்தது திருவனந்தபுரம் தாண்டும்.”

ஜூன் கடைசியில் மச்சான் தொலைபேசினார். ஆவணி இரண்டாம் தேதி வருகிறாராம். “அந்தக் குறிப்பு பத்திரமா இருக்கில்லா மாப்பிள? எனக்க காப்பிய நான் லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்” என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது. மச்சான் கெட்டவர் அல்ல. ஆனால் ஒருமுறை நான் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்தபோது கம்பிகளை எண்ணிப் பார்த்தவர். நானும் அவரைப்போலத்தான் என்பதால் எங்களுக்குள் மரியாதை நிலவியது. பதினாறு வருடமாக நான் காப்பாற்றி வந்தது அந்த ஒன்றைத்தான்: மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தால் எழுதினபடி இருக்கும் என்று அவர் என்னைப் பற்றி மட்டும் நம்பினார்.

“ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிட்டாப் போச்சு. கண்ணேறுக்குன்னு சொல்லிக்கலாம்” என்றாள் என் மனைவி.

“சாவி திருப்பும்போது எல்லாம் எரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறேனே. பொட்டு ஒட்டினால் இது எரியாது.”

“எழுதுனது யாரு?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஜூலை மூன்றாம் வாரம் நாகர்கோவிலில் கணினி வைத்துச் சோதிக்கும் பணிமனை ஒன்றுக்குக் கிளம்பினேன். எப்படியோ மோப்பம் பிடித்த கரிவாயன், தன் வேலையைப் பிறர் தொடக்கூடாது என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார், வாய் வட்டத்தோடு. பணிமனையில் ஒரு பெண், பொறியியல் படித்தவள், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகித் திரையைப் பார்த்தாள்.

“நானூத்தி இருபது காட்டுது சார்.”

கரிவாயன் நிமிர்ந்தார். “யாரைச் சொல்லுத மக்ளே?”

“கோடு அண்ணாச்சி. ஃபோர் ட்வென்டி.”

“இருவத்தாறு வருசம் தொழில் செய்யுதேன். கடலும் கரையும் என்னை அறியும். ஒரு பொட்டி எனக்க மொகத்துக்கு நேர ஃபோர்ட்வென்டிங்குது, நான் கேட்டுட்டு நிக்கணுமா?”

அந்தப் பெண்ணுக்குப் பொறுமை இருந்தது. உலகமெங்கும் இந்தக் கோளாறுக்கு இதுதான் எண் என்று விளக்கினாள். “முன்னால ஒரு சென்சார், பின்னால ஒரு சென்சார். நடுவுல உள்ள தேன்கூடு புகையைச் சுத்தம் பண்ணினா ரெண்டும் வேற வேற மாதிரி சொல்லும். உங்க வண்டியில ரெண்டும் ஒரே மாதிரி சொல்லுது. அப்போ நடுவுல ஒண்ணும் இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சிட்டு.”

“அப்ப ரெண்டு சாட்சி.”

“அப்படித்தான் வச்சுக்கோங்க.”

திரும்பி வரும் வழியில் கோட்டாறு தாண்டியதும், “பின்னால நிக்குத சாட்சிய கொஞ்சம் தூரமா நிறுத்துனா அவனுக்கு நேராக் காணாது. என்ன சொல்லுதிய?” என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பழைய ஸ்பார்க் பிளக் இரண்டைக் குடைந்து குழல்போலாக்கி, திருகாணியை அதன்மேல் ஏற்றி, புகை ஓடும் பாதையிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி உட்கார வைத்தார். விளக்கு அணைந்தது. பத்தொன்பது நாள் எரியவில்லை. டயரியில் ‘அணைந்தது. முறை பற்றி எழுத விருப்பமில்லை’ என்று மட்டும் எழுதினேன். எத்தனையோ பழைய ஆவணங்களைப் புரட்டி, சாட்சியைக் கலைத்தவர்களைப் பற்றி இகழ்ச்சியாகக் குறிப்பெழுதியவன் நான்.

ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. மச்சான் வர எட்டு நாள். விளக்கு எரிந்தது.

நாகர்கோவிலுக்குத் தனியாக ஓடினேன். இந்தமுறை வேறு எண். படகுச் சைலன்சரின் கனம் தாங்காமல் முன்பக்க இணைப்பு விரிந்து, வெளிக்காற்று உள்ளே போகிறது என்றாள் அந்தப் பெண். “இப்ப முன்சாட்சியும் குழம்பிட்டு சார். பழைய தேன்கூட்டைத் தேடி வச்சுருங்க. இல்லன்னா புதுசு வெளியூர்ல இருந்துதான் வரணும். ரெண்டு வாரம் ஆகும்.”

திங்கட்கிழமை காலை கொட்டகைக்குப் போனேன். அது என் பதினான்காவது வருகை. கையில் ஒப்படைப்புக் குறிப்பு. முதல் நாளிலிருந்து அவரிடம் நான் விளக்கைப் பற்றியே பேசியிருந்தேன். இந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் தாளை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். கீழே வந்து விரல் நின்றது.

“இது நீங்க போட்ட ஒப்பா?”

“ஆமாம்.”

“இது அவரு?”

“ஆமாம்.”

“வாக்கு குடுத்து ஒப்பும் போட்டிருக்கிய.” அவர் முகம் மாறிவிட்டது. “இத நேரத்தே சொல்லாண்டாமா சாரே? நான் வெளக்கு எரியுததப் பத்தி வெறுதே வெப்ராளப்பட்டுப் பதறுதியன்னு நெனச்சேன்.”

“அந்தத் தேன்கூட்டை எங்கே போட்டீர்கள்? ஆற்றிலா, பழைய இரும்பு ஆக்கர்கடையிலா?”

அவர் கொட்டகையின் உள்சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு பலகைத்தட்டு. அதில் மாதா படம். படத்தின் முன்னால் சாம்பல் நிறத்தில் வட்டமான கல் மாதிரி ஒன்று. அதில் நெருக்கமாகக் குத்திவைத்த ஊதுபத்திகள்.

என் டயரியில் ஜூன் 6ஆம் தேதிப் பக்கத்தை இப்போதும் யாருக்கும் காட்டுவதில்லை. அதில் இப்படி இருக்கிறது: ‘கொட்டகையில் மாதா படத்தின்முன் புதுமையான ஊதுபத்தித் தாங்கி. நுண்ணிய துளைகள் ஏராளம். எங்கே வாங்கினார் என்று கேட்க வேண்டும்.’ கேட்கவில்லை. ஊரிலுள்ள கல்வெட்டை எல்லாம் தடவிப் பார்ப்பவன், தேடிக்கொண்டிருந்த பொருளுக்கு எதிரில் ஒன்பது வாரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“நல்ல தகடுன்னு டப்பாவ அறுத்து எடுத்தேன். உள்ள இது ஒடயாம வந்துது. தூரப் போட மனசு வரல்ல” என்றார். பிறகு படத்தைப் பார்த்து, “அம்மா, உனக்க திருநாளு வியாழக்கெழமை. அதுக்குள்ள இத எடுக்கேன்னு கோவிக்காத” என்றார். பத்திகளை ஒவ்வொன்றாக உருவி வைத்தார். சாம்பலைத் தட்டினார். என்ன நினைத்தாரோ, அந்தக் கல்லை இரு கையாலும் தூக்கி, வாயில் வைத்து ஊதினார்.

மறுபக்கம் நான் நின்றிருந்தேன். சாம்பல் முழுவதும் என் வெள்ளைச் சட்டையில் வந்து விழுந்தது.

அவர் கல்லை இறக்கினார். மறுபடி ஊதினார், மெதுவாக. மறுபடி.

“போவுது” என்றார்.

“என்ன போகிறது?”

“காத்து. நல்லாப் போவுது சாரே. அடைப்பே இல்ல.” அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வந்த குழாயை எல்லாம் ஊதிப் பார்த்த மனிதர், இதை மட்டும் கண்ணால் பார்த்து முடிவு செய்திருக்கிறார். “இத ஒருதடவ ஊதியிருந்தா உங்கள இப்பிடி நடக்க வச்சிருக்க மாட்டேன்.”

பதினான்கு வருகையிலும் நான் தயாரித்து வைத்திருந்த கடுமையான சொற்கள் எல்லாம் அந்த நொடியில் மறந்துபோயின. அதில் இன்னும் எனக்கு வருத்தம் உண்டு. சில நல்ல சொற்கள்.

திருநாளுக்கு முன்னே, மூன்று நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். உண்மையில் இரண்டரை நாள், பதினைந்தாம் தேதி மாதா திருநாள் என்பதால் வேலை கிடையாது. வேறு வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். கல்லைச் சுற்றி வெப்பம் தாங்கும் நூல்துணியைச் சுற்றி, பழைய தகட்டில் இறுக்கி, வெல்டு வைத்தார். ஸ்பார்க் பிளக் குழலைக் கழற்றி எறிந்து, பின்சாட்சியைச் சொந்த இடத்தில் நிறுத்தினார். படகுச் சைலன்சரை இறக்கிவிட்டுக் கம்பெனிச் சைலன்சரையே தேடி எடுத்து, நான் முதல் நாள் கேட்ட அதே ஒரு சாண் ஒட்டை வைத்தார். ஒவ்வொரு இணைப்பையும் ஊதினார். புதன் மாலை, வட்டம் கன்னம்வரை பரவியிருந்தது.

கிளப்பினோம். எல்லா விளக்கும் எரிந்து, எல்லா விளக்கும் அணைந்தது. இருவரும் வரப்பில் முப்பது அடி தள்ளி நின்று கண்ணை மூடினோம். தவளைச் சத்தம் கேட்டது. வண்டியின் சத்தம் கேட்கவில்லை.

“ஊமையாக்கிட்டோம்” என்றார் கரிவாயன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் நுள்ளிக்கொண்டிருந்தாள். திடுக்கிட்டு, “எப்ப வந்திய?” என்றாள். அடுப்பு அணைந்திருந்தது.

மறுநாள், திருநாள் பூசை முடிந்து வருவார் என்று தெரிந்து, பித்தளை ஊதுபத்தித் தாங்கி ஒன்றை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முகம் கழுவி, வெள்ளை வேட்டியில் வந்தார். வாயைச் சுற்றி ஒன்றுமில்லை. யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது. தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அஞ்சு ஓட்டைதான் இருக்கு. அதுல ஆயிரம் இருந்துது.”

“ஐந்து போதும்.”

“அம்மைக்குப் போரும். எனக்குக் குறையாத் தோணுது” என்றார். ஆனாலும் படத்தின் முன் வைத்துவிட்டு, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

ஆவணி இரண்டாம் தேதி, ஆகஸ்ட் 18, மச்சான் லேமினேட் செய்த பிரதியோடு வந்தார். குளித்துச் சாப்பிடும் முன்னே பன்னிரண்டு வரியையும் சரிபார்த்தார். நகக்கீறலை நகத்தால் அளந்தார். பத்தாவது வரிக்கு பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். “பிசகில்ல மாப்பிள. உங்ககிட்ட தந்ததுனாலயாக்கும்” என்று கையைப் பிடித்தார். அந்த ஒரு வரிக்காக நான் மூன்று மாதம் அலைந்தது அவருக்குத் தெரியாது. ஒட்டு வேலையையும் தேன்கூட்டு வெல்டையும் பதின்மூன்றாவது வரியாக நானே எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, “இத நீங்க சொல்லல்லன்னா நான் கண்டே இருக்க மாட்டேன்” என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அக்டோபரில் அவர் மறுபடி தம்மாம் போனார். புதுத் தாள், புதுக் கையெழுத்துகள், வண்டி மறுபடி என்னிடம். நான்கைந்து நாள் கழித்துக் கொட்டகை வழியாகப் போகும்போது கரிவாயன் சாலையில் இறங்கிக் கையைக் காட்டினார்.

“வண்டி எப்பிடி ஓடுது?”

“ஊமையாக.”

“வீட்டுல?”

தோசை ஆறிப்போன செய்தியை நான் ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னேன். “அஞ்சு நிமிசம் நில்லுங்க” என்றார். கையில் ஒரே ஒரு ஸ்பானரோடு காருக்கடியில் நுழைந்தார். ஐந்து நிமிடம் ஆனதும் வாயைச் சுற்றி வட்டத்தோடு வெளியே வந்தார்.

“என்ன செய்தீர்கள்?”

“ஒண்ணும் செய்யல்ல சாரே. ஒண்ணு ஊதிப் பாத்தேன்.”

அந்த மஞ்சள் விளக்கு அதன் பிறகு எரியவில்லை. நாகர்கோவில் பணிமனையில் அடிப்பக்கத்தை ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். முப்பது அடி தள்ளி நின்று, கண்ணை மூடி, எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். என் மனைவியோ, டிரான்ஸ்பார்மர் முக்கு திரும்பும்போதே தனக்குக் கேட்கிறது என்கிறாள். எப்படி இருக்கும் என்று கேட்டால், “உங்க வண்டி மாதிரி இருக்கும்” என்பதற்குமேல் அவளால் விவரிக்க முடியவில்லை. கரிவாயனிடம் இரண்டுமுறை கேட்டேன். இரண்டுமுறையும் டீ வாங்கித் தந்தார்.

2013 அக்டோபர் தாளில் பத்தாவது வரி ‘சத்தம்: இல்லை’ என்றுதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் பிறகு பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினேன்: ‘என் காதுக்கு இல்லை. வீட்டில் கேட்கிறதாம். அன்றிலிருந்து தோசை சூடு. காரணம் சரிபார்க்கப்படவில்லை.’ ஐயமுள்ள எதையும் முழுதாகச் சரிபார்த்துவிட்டுப் பென்சிலை அழித்து மையால் எழுதுவது என் வழக்கம். இதை மட்டும் பென்சிலிலேயே விட்டு வைத்திருக்கிறேன்.